மரத்தளம் தேய்த்த கல் முதல் பிரஷர் வாஷர் வரை

1931 மார்ச் 5 அன்று அமெரிக்கக் கடற்படைத் துறை ஒரு பொது ஆணை வெளியிட்டது. எண் 215. போர் பற்றியதும் இல்லை, பீரங்கி பற்றியதும் இல்லை. கப்பலின் மரத்தளத்தை எதைக் கொண்டு தேய்ப்பது என்பதைப் பற்றியது. மாலுமிகள் தலைமுறை தலைமுறையாகத் தளத்தைத் தேய்த்துவந்த கல்லை இனி கறை எடுக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும், தினசரிச் சுத்தத்துக்குக் கூடாது என்றது அந்த ஆணை. காரணம் பணம். கல் தேய்த்துத் தேய்த்துத் தளம் வேகமாக மெலிந்துபோகிறது, பலகை மாற்றும் செலவு கட்டுப்படி ஆகவில்லை. பெருமந்தக் காலம் வேறு. சிக்கனம் கப்பல் தளம் வரை வந்துவிட்டது.

மரத்தளம் சுத்தம் செய்ய எந்த மெஷின் வாங்குவது என்று இன்றைக்குத் தேடினால் வாட்ஸ், பார், லிட்டர் என்று எண்கள் கொட்டும். ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி 1931 ஆணையிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தச் சுத்தத்துக்காக எவ்வளவு மரத்தைச் செலவு செய்யப் போகிறோம்? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

முழந்தாளிட்டுத் தேய்த்த கல்

ஆணையில் சொல்லப்பட்ட கல்லுக்கு ஆங்கிலத்தில் ஹோலிஸ்டோன் என்று பெயர். அப்படியே தமிழில் சொன்னால் புனிதக் கல். உண்மையில் அது மென்மையான மணற்கல், அவ்வளவுதான். தளத்தில் கடல்நீரைக் கொட்டி, மணலைத் தூவி, இந்தக் கல்லை முன்னும் பின்னும் இழுப்பார்கள். பெயர் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு மூன்று கதைகள் உண்டு. பிரார்த்தனை செய்வதுபோல முழந்தாளிட்டுத் தேய்த்ததால் வந்தது என்பது ஒன்று. இடிந்த தேவாலயக் கற்களை எடுத்துப் பயன்படுத்தியதால் வந்தது என்பது இன்னொன்று. எது சரியோ, மாலுமிகள் அந்தக் கிண்டலை விடவில்லை. பெரிய கல்லுக்கு பைபிள், மூலை முடுக்கில் தேய்க்கும் சின்னக் கல்லுக்கு பிரேயர் புக் என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் கல்லில் குழி போட்டு, அதில் கம்பை ஊன்றி, நின்றுகொண்டே தேய்க்கும் முறையும் வந்தது.

ஹெர்மன் மெல்வில் 1850ல் வெளியிட்ட 'வைட் ஜாக்கெட்' நாவலில் இந்தத் தளம் கழுவும் வேலையை விரிவாக எழுதியிருக்கிறார். அவரே அமெரிக்கப் போர்க்கப்பலில் சாதாரண மாலுமியாக வேலை பார்த்தவர். குளிரோ புயலோ பார்க்காமல் தினமும் தளத்தை ஈரமாக்குவதால் மாலுமிகளின் உடம்பு கெடுகிறது என்பது அவருடைய குறை. அதாவது மரத்தளச் சுத்தம் ஒரு ஆரோக்கியப் பிரச்சினை என்று 175 வருடங்களுக்கு முன்பே ஒருவர் எழுதிவிட்டார். இது பின்னால் வேறு ரூபத்தில் திரும்ப வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1931 ஆணையோடு கல் ஒழிந்துவிடவில்லை. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? அதற்குப் பின்னால் கட்டப்பட்ட மிசௌரி போர்க்கப்பலின் தேக்குத் தளத்தில், கையில் கம்பு பிடித்து வரிசையாக நின்று மாலுமிகள் கல் தேய்க்கும் புகைப்படங்கள் இருக்கின்றன. 1945ல் ஜப்பான் சரணடைந்து கையெழுத்துப் போட்டது அந்தக் கப்பலின் மேல்தளத்தில்தான்.

தேக்கு ஏன் தாக்குப் பிடித்தது

தேக்கு என்றதும் நம்ம பக்கம் வந்துவிடுகிறோம். ஆங்கிலத்தின் 'டீக்' மலையாளத் 'தேக்கு' போர்த்துகீசியர் வாய் வழியாகப் போன சொல். மரமும் அதே வழியில்தான் போனது. பம்பாய்க் கப்பல் தளத்தில் வாடியா குடும்பத்தினர் மலபார் தேக்கில் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கப்பல்கள் கட்டினார்கள். அதில் ஒன்று 1817 அக்டோபரில் கடலில் இறங்கிய எச்எம்எஸ் டிரிங்கோமாலி. நம் திருகோணமலையின் பெயர்தான். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் அது மிதந்துகொண்டிருக்கிறது. மலபாரில் காடுகள் வேகமாகக் கரைந்ததைப் பார்த்துத்தான் கலெக்டர் கனோலி 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட ஆரம்பித்தார்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது. சிலிக்காவும் இருக்கிறது. பூஞ்சையும் கரையானும் சீக்கிரம் அண்டாது. ஈரமானாலும் காய்ந்தாலும் அதிகம் உப்பாது, சுருங்காது. பலகைகளின் இடுக்கில் நார் திணித்துக் கீல் ஊற்றிக் கலப்பத்து அடித்துவிட்டால் தளம் ஒழுகாது. தினமும் கடல்நீர் ஊற்றியதிலும் விஷயம் இருக்கிறது. பலகை காய்ந்து சுருங்கி இடுக்கு திறக்காமல் பார்த்துக்கொள்ளும், உப்பு பூஞ்சையைத் தடுக்கும். மரத்தை மக்க வைப்பது மழைநீர், அதாவது நல்ல தண்ணீர். பழைய கப்பல்காரர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும்.

அனுபவம் சொல்லும் இன்னொரு பாடமும் உண்டு. பலகையின் ரேகை போகும் திசையிலேயே அழுத்தித் தேய்த்தால் தளம் வரிவரியாகப் பள்ளம் விழும். மரம் ஒரே மாதிரியான பொருள் இல்லை என்பதுதான் காரணம். ஒரு வருட வளையத்தில், பருவத்தின் தொடக்கத்தில் வளர்ந்த பகுதி மென்மையாகவும் பின்னால் வளர்ந்த பகுதி கெட்டியாகவும் இருக்கும். ரேகையோடு ஓடும் கடினமான பிரஷ், மென்மையான பகுதியை மட்டும் தோண்டி எடுத்துவிடும். கெட்டிப் பகுதி வரப்பு மாதிரி மேலே நிற்கும். அதனால்தான் தேக்குத் தளம் உள்ள படகுகளை வைத்திருப்பவர்கள் இன்றும், மென்மையான பிரஷ், ரேகைக்குக் குறுக்காகத் தேய்க்கணும் என்கிறார்கள்.

அந்தச் சாம்பல் நிறம் அழுக்கு இல்லை

வெயிலில் கிடக்கும் பலகை ஒன்றிரண்டு வருடங்களில் சாம்பல் நிறமாகிவிடும். பெரும்பாலானவர்கள் மெஷின் தேட ஆரம்பிப்பது இதைப் பார்த்துத்தான். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் 1910ல் தொடங்கப்பட்ட வனப்பொருள் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. வெயிலும் மழையும் மரத்தை என்ன செய்கின்றன என்று அங்கே பல பத்தாண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். அவர்கள் சொல்வதன் சுருக்கம் இது. சூரியனின் புறஊதாக் கதிர் மரத்தில் உள்ள லிக்னினைச் சிதைக்கிறது. லிக்னின்தான் நார்களை ஒட்டிவைத்திருக்கும் பசை. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. மிச்சம் இருப்பது வெளுத்த செல்லுலோஸ் நார், அதன் மேல் கொஞ்சம் பூஞ்சை. அதுதான் சாம்பல் நிறம்.

இப்படி வெயில் மழையில் மட்டும் தேயும் பைன் போன்ற மரங்களின் அளவு, தோராயமாக 100 வருடத்துக்கு 6 மில்லிமீட்டர். மனிதர்கள் நடக்காத பரப்புக்கான கணக்கு இது. வருடத்துக்கு 0.06 மில்லிமீட்டர் ஆகிறது. இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். சாண்டர் வைத்து 1 மில்லிமீட்டர் மரத்தை எடுத்தால், இயற்கை 16 வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு செய்யும் வேலையை ஒரே மதியத்தில் செய்துவிட்டோம். 1931ல் கடற்படைக் கணக்குப்பிள்ளைகள் பார்த்ததும் இதே கணக்குதான்.

கப்பலிலிருந்து கொல்லைப்புறத்துக்கு

மரத்தளம் கரைக்கு வந்த கதையில் ஒரு முக்கியமான நிறுத்தம் நியூஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டி. கடற்கரைக்குப் போய்வருகிறவர்கள் ரயில் பெட்டிக்கும் ஹோட்டலுக்கும் மணலை அள்ளி வருகிறார்கள் என்று, 1870ல் மணல் மேல் பலகை நடைபாதை போட்டார்கள். கொல்லைப்புறத் தளத்துக்கு அடையாளமாகச் சொல்லப்படுவது 1948ல் கலிபோர்னியாவின் சோனோமாவில் தாமஸ் சர்ச் வடிவமைத்த டானெல் தோட்டம். அங்கே இருந்த ஓக் மரங்களை வெட்டாமல், அவை தளத்தை ஊடுருவி வளரும்படி ரெட்வுட் பலகையைப் போட்டார். பிறகு புறநகர் வீடுகள் பெருகின. டெக் ஒவ்வொரு வீட்டின் பின்பக்கமும் வந்துவிட்டது.

ஆனால் எல்லோருக்கும் தேக்கும் ரெட்வுட்டும் கட்டுப்படி ஆகுமா? மலிவாகக் கிடைத்தது பைன். பைன் மழையில் நின்றால் சில வருடங்களில் மக்கிவிடும். அதற்கு மருந்து வேண்டும். 1838ல் ஜான் பெத்தெல் என்ற ஆங்கிலேயர், மூடிய தொட்டியில் அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் கிரியோசோட் எண்ணெயை ஏற்றும் முறைக்கு காப்புரிமை வாங்கியிருந்தார். ரயில் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு அது பிரமாதமாக வேலை செய்தது. ஆனால் அந்தக் கரிய பிசுபிசுப்பிலும் நாற்றத்திலும் யார் போய் வெறுங்காலோடு நடப்பார்கள்?

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. அமெரிக்கக் கொல்லைப்புறத்தைச் சாத்தியமாக்கிய மருந்து டேராடூனில் பிறந்தது. அங்கே இருக்கும் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்த சொண்டி காமேசன், 1933 வாக்கில் செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றின் உப்புகளையும் தண்ணீரில் கரைத்து ஒரு கலவை செய்தார். செம்பு பூஞ்சையைக் கொல்லும். ஆர்செனிக் கரையானையும், செம்புக்கு அடங்காத பூஞ்சைகளையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரில் கரையும் உப்பு மழையில் கரைந்து வெளியே வந்துவிடும் இல்லையா? அதைத் தடுக்கத்தான் குரோமியம். அது மரத்தோடு வினைபுரிந்து மற்ற இரண்டையும் கட்டிப்போட்டுவிடும். ஆர்செனிக், செம்பு இரண்டின் வேதிக் குறியீடுகளையும் சேர்த்து 'ஆஸ்கூ' என்று பெயர். பிற்காலத்தில் உலகம் முழுக்க சிசிஏ என்று அறியப்பட்டது இதுதான்.

கம்பங்களும் ஸ்லீப்பர் கட்டைகளும் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று செய்த மருந்து அது. அந்த வேலையை அற்புதமாகச் செய்தது. 1970களிலிருந்து அமெரிக்க வீட்டுத் தளங்கள், வேலிகள், குழந்தைகளின் ஊஞ்சல் சட்டங்கள் எல்லாம் பெரும்பாலும் சிசிஏ ஏற்றிய பைனில்தான் கட்டப்பட்டன. கட்டிப்போட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆர்செனிக் மேற்பரப்புக்கும் கீழே உள்ள மண்ணுக்கும் வருகிறது என்று பிறகு தெரிந்தது. 2002 பிப்ரவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்த ஏற்பாட்டின்படி, உற்பத்தியாளர்கள் 2003 டிசம்பர் 31க்குப் பிறகு வீட்டு உபயோக மரத்துக்கு இதை ஏற்றுவதை நிறுத்தினார்கள். ஏற்கெனவே கட்டிய தளங்களைப் பிடுங்கச் சொல்லவில்லை. அவை அப்படியே நிற்கின்றன.

இரும்புக்குப் பிறந்த மெஷின்

இன்னொரு பக்கம் மெஷின்கள் வளர்ந்தன. 1927ல் பென்சில்வேனியாவில் பிராங்க் ஓஃபெல்ட் என்பவர் 'ஸ்டீம் ஜென்னி' என்ற நீராவிக் கழுவியைச் செய்தார். 1950ல் ஜெர்மனியின் ஆல்பிரட் கார்ச்சர் ஐரோப்பாவின் முதல் வெந்நீர் உயரழுத்தக் கழுவியைக் கொண்டுவந்தார். இவை கிரீஸ் பிடித்த இயந்திரத்தையும் வண்டியையும் கழுவப் பிறந்தவை. 1984ல் அதே நிறுவனம் கையில் தூக்கிப்போகும் அளவுக்குச் சிறிய வீட்டு மாடலை வெளியிட்டது. பிரஷர் வாஷர் வீட்டுக்குள் வந்த கதை இதுதான். இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் செய்த ஆயுதம், கார் கழுவ வந்த இடத்தில் பக்கத்தில் இருந்த மரத்தளத்தின் மேலும் திரும்பியது.

மெல்லிய தண்ணீர்த் தாரை மரத்தில் செய்வது, ரேகையோடு ஓடிய அந்தக் கடினமான பிரஷ் செய்ததேதான். மென்மையான பகுதியைப் பிய்த்து எடுத்துவிடும். நார் நாராக எழுந்து நிற்கும், அப்புறம் காலில் சிலாம்பு குத்தும். வீட்டு மெஷின்கள் சாதாரணமாகவே 1,500 முதல் 2,000 பிஎஸ்ஐ தருகின்றன. பைன், சிடார் போன்ற மரங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவோ 500, 600தான். தூரமும் முக்கியம். முனையைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோகப் போக, அதே விசை சின்ன இடத்தில் குவியும். ஒரு நொடி கை நின்றால் அங்கே ஒரு பள்ளம். சாஃப்ட்வேரில் என்றால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம். மரத்தில் அது கிடையாது.

"எதை வாங்கலாம்?"

போன வருடம் நியூஜெர்சியில் இருக்கும் கல்லூரி நண்பன் கேட்டான்: "டேய், டெக்கெல்லாம் கறுத்துப் போச்சு. பிரஷர் வாஷர் வாங்கவா, சாண்டர் வாடகைக்கு எடுக்கவா? நீதான் எதையாவது தோண்டிட்டே இருப்பியே, சொல்லு."

"மச்சி, வீடு எந்த வருஷம் கட்டினது? டெக்கும் அப்பவே போட்டதா?"

"96. எல்லாம் ஒண்ணாதான். ஏன்டா?"

மெஷின் தேர்வு இந்த ஒரு பதிலில் முடிந்துவிடுகிறது என்பதால்தான் இவ்வளவு நீளமாக வரலாறு எழுதினேன். 2004க்கு முந்தைய பைன் தளம் என்றால் சிசிஏ ஆக இருக்க வாய்ப்பு அதிகம். புதிதில் இருக்கும் பச்சைச் சாயல் வருடக்கணக்கில் போய்விடும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதை சாண்டர் போட்டுத் தேய்த்தால் பறப்பது வெறும் மரத்தூள் இல்லை, ஆர்செனிக் கலந்த தூள். மூச்சில் போகும், பக்கத்து மண்ணில் படியும். பிரஷர் வாஷர் அதையே சேறாக்கி இடுக்கு வழியாகக் கீழே தள்ளும். கடையில் விற்கும் பிளீச் கலந்த டெக் கிளீனர் இன்னும் மோசம். மரத்துக்குள் அடங்கியிருக்கும் குரோமியத்தை நச்சுத்தன்மை கூடிய ஆறு இணைதிறன் வடிவத்துக்கு அது மாற்றக்கூடும். கழற்றிய பலகையை எரிப்பதும் கூடவே கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் இருக்கும்.

அவன் வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை. பகல் முழுக்க அந்தத் தளத்தில்தான் உட்கார்ந்து விளையாட்டு. சோதனைக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஆர்செனிக் இருந்தது. முடிவில் அவன் மெஷினே வாங்கவில்லை. மென்மையான பிரஷ், மிதமான சோப்புத் தண்ணீர், கார்டன் ஹோஸ். நன்றாகக் காய்ந்ததும் மரத்துக்குள் ஊறும், பாதி ஒளி புகும் எண்ணெய் ஸ்டெயின். இப்படிப்பட்ட பூச்சைத் தவறாமல் போட்டுவந்தால் ஆர்செனிக் வெளியே வருவது குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. விளையாடிவிட்டு வந்தால் சாப்பிடும் முன் கை கழுவுவது வீட்டில் சட்டம். மெல்வில் சொன்ன ஆரோக்கியப் பிரச்சினை திரும்பிவரும் என்றேனே, இதுதான் அது.

மற்ற தளங்களுக்கு

ஆர்செனிக் இல்லை என்று உறுதியானால் மெஷின்களைத் தாராளமாக ஒப்பிடலாம். என் வரிசை இது.

முதலில் மெஷினே இல்லாமல் முடியுமா என்று பாருங்கள். சோடியம் பெர்கார்பனேட் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தளத்தில் ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு பிரஷ்ஷால் தேய்த்தால் பூஞ்சையும் சாம்பல் படலமும் பெரும்பாலும் போய்விடும். ஆணியைச் சுற்றிக் கறுப்பாக இருந்தால் அது இரும்பும் மரத்தின் டானினும் சேர்ந்த கறை. தேய்த்துப் போகாது, ஆக்ஸாலிக் அமிலம்தான் அதற்கு. கையுறையும் கண்ணாடியும் அவசியம், பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும்.

பரப்பு பெரியது, கையால் ஆகாது என்றால் சுழலும் உருளை பிரஷ் வைத்த மெஷின். கல்லும் கம்பும் செய்த வேலையின் நாகரிகமான வாரிசு இது என்று சொல்லலாம். மரத்துக்கென்று உள்ள மென்மையான பிரஷ், வேகத்தைக் குறைக்கும் வசதி, இந்த இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிரஷர் வாஷர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். அழுத்தத்தைக் குறைக்க முடிகிற மாடலா? 40 டிகிரி விசிறி முனை இருக்கிறதா? ஒரு அடி தூரத்தில் தொடங்கி, யாரும் பார்க்காத மூலையில் முதலில் சோதித்து, கையை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். அழுக்கை உரிக்க அதை நம்பாதீர்கள், ஊறிய அழுக்கை அலச மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சுழலும் ஒற்றைத் தாரை முனையை மரத்தின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

சாண்டர் கடைசி. நார் எழும்பிவிட்டது, பழைய பெயிண்ட் உரிகிறது என்றால் மட்டும். ஆணித் தலைகளை முதலில் உள்ளே இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் உப்புத்தாள் கிழிந்துகொண்டே இருக்கும். டிரம் வகை சீக்கிரம் பள்ளம் பறிக்கும், ஆர்பிட்டல் வகை பொறுமையானது. 60 அல்லது 80 எண் தாள் போதும். அதைவிட வழுவழுப்பாக்கினால் எண்ணெய் உள்ளே இறங்காது. தேய்த்து முடித்த மரத்தை இரண்டு வாரத்துக்கு மேல் பூச்சில்லாமல் வெயிலில் விட வேண்டாம், லிக்னின் சிதைவு உடனே தொடங்கிவிடும்.

ஒவ்வொரு பலகைக்கும் இத்தனை முறைதான் தேய்க்க முடியும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. எந்த மெஷினின் பெட்டியிலும் அது அச்சிடப்பட்டிருக்காது. டேப்பை வைத்துப் பலகையின் கனத்தை அளந்து எங்காவது எழுதி வையுங்கள். அடுத்த முறை சுத்தம் செய்த பிறகு மறுபடியும் அளங்கள். உங்கள் மெஷின் நல்லதா கெட்டதா என்று அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.